சற்றுச் சிரமம்

எங்கள் சோதனை விமானி ஸ்க்வாட்ரன் லீடர் டாரன்ட் தன் அறிக்கையில் "சற்று" என்று எழுதினால் எங்கள் கணக்கு அறையில் யாரும் அதைச் சற்று என்று படிப்பதில்லை. போர் நடந்தபோது ஒருமுறை எஞ்சின் தீப்பிடித்து, வலது இறக்கை பாதி கருகி, சக்கரம் இறங்காமல் ஒரு முட்டைக்கோஸ் வயலில் வயிற்றால் தேய்த்துக்கொண்டு இறங்கினார். அன்றைய அறிக்கையில் "வலப்புறம் சற்று வெப்பம் கூடியது" என்று எழுதியிருந்தார். அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். சிரிப்பு வந்ததே தவிர, இது உண்மையில்லையே என்று தோன்றவில்லை. எங்கள் ஆட்களின் பேச்சே அப்படித்தான். கால் ஒடிந்தவன் நடப்பதற்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது என்பான். வீட்டின் மேல் குண்டு விழுந்தவள், நேற்று கொஞ்சம் சத்தமாக இருந்தது இல்லையா என்று கேட்பாள். கேட்கிறவர்தான் அதை ஐம்பதாலோ நூறாலோ பெருக்கிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ஹெஸ்டர் பிரௌஸ். போருக்கு முன்னால் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் இந்தச் சோதனை விமானத்தளத்துக்கு வந்து சேர்ந்தேன். அறையில் ஐந்து பெண்கள். எங்களைக் கம்ப்யூட்டர் என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயர் இயந்திரத்துக்குப் போனது பிறகு. விமானம் பறந்து இறங்கியதும் கருவிகள் காட்டிய எண்களைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் கொட்டுவார்கள். நாங்கள் கூட்டிப் பெருக்கி வகுத்து, அந்த விமானம் வானத்தில் உண்மையாகவே என்ன செய்தது என்று சொல்வோம். விமானிகளின் கையெழுத்துக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதும் எங்கள் தலையில்தான் விழும். விமானிகளுக்கு எழுத்து அழகாக இருக்கக்கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதோ என்னவோ.

நான் சொல்ல வந்தது நடந்த வருஷம் எங்களிடம் இருந்தது ஒரு நாலு எஞ்சின் குண்டு விமானம். ஜெர்மனி மேல் முப்பத்தொரு தடவை போய்த் திரும்பியது. போர் முடிந்ததும் அதன் கூடப் பிறந்ததுகளை எல்லாம் வெட்டி அலுமினியச் சட்டி செய்ய அனுப்பிவிட்டார்கள். இது மட்டும் தப்பித்து எங்களிடம் வந்தது. மெக்கானிக்குகள் சீமாட்டி என்று பெயர் வைத்தார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் அதன் இறக்கையில் தண்ணீரைத் தெளித்து, உயரத்தில் பனிக்கட்டி எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். அடுத்த கோடையில் குண்டு தொங்கிய வயிற்றில் மரப்படகைக் கட்டி, பாராசூட்டில் கடலில் போட்டுப் பார்த்தார்கள். இப்போது, நாற்பத்தேழு ஏப்ரலில், வாலில் துப்பாக்கிக்காரன் உட்கார்ந்த இடத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே ஒரு ஜெட் எஞ்சினைச் செருகியிருந்தார்கள். பாவம், எதைக் கொடுத்தாலும் சுமந்தது.

புது எஞ்சின் அதிவேகக் காற்றில் அணையாமல் எரிகிறதா என்பதுதான் தெரிய வேண்டும். சீமாட்டி நேராகப் பறந்து அந்த வேகத்தை எட்டாது. அதனால் பதினெட்டாயிரம் அடிக்கு ஏறி, மூக்கைக் கீழே குத்திப் பாய வேண்டும். திங்கட்கிழமை டாரன்ட் பாய்ந்தார். பக்கத்தில் எஞ்சின் கருவிகளைக் கவனிக்க நார்மன் பிகாட் என்ற ஒல்லிப்பிச்சான். இருவரும் நல்லபடியாக இறங்கினார்கள். டாரன்ட் அரைப் பக்கம் எழுதினார். அதில் இப்படி ஒரு வரி: "முந்நூற்று முப்பது மைல் வேகத்துக்கு மேல் மூக்கை நிமிர்த்துவது சற்றுச் சிரமம்."

தட்டச்சு செய்தேன். என் வழக்கப்படி மனசுக்குள் பெருக்கிக்கொண்டேன். ஐயோ பாவம், நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கார்பன் நகல்களைப் பிரித்து ஆளுக்கொன்று அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். நான் செய்த தப்பு அதுதான், வேறொன்றும் இல்லை.

செவ்வாயன்று டாரன்ட் வேலைக்கு வரவில்லை. தளத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். தோள் கொஞ்சம் பிடித்துக்கொண்டதாம். அடுத்த பாய்ச்சல் புதன்கிழமை. வேகம் முந்நூற்று அறுபது. அதை லெஷெக் வோலான் ஓட்டுவதாக முடிவாயிற்று. கருவிகளைக் கவனிக்க அதே பிகாட்.

வோலான் போலந்துக்காரர். நாற்பதில் ஒற்றைச் சட்டையோடு வந்து சேர்ந்து, எங்கள் விமானப்படையில் ஐந்து வருஷம் சண்டை போட்டார். சண்டை முடிந்ததும் அவருக்குத் திரும்பிப் போக ஊர் மிச்சமில்லை. இங்கே இருக்கவும் நிரந்தரமாக ஒரு வேலை இல்லை. ஆறு மாசத் தற்காலிக உத்தரவில்தான் எங்களோடு இருந்தார். உயரம் குறைவு, தோள் அகலம், எப்போதும் பளபளக்கும் ஷூ. எங்கள் மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றவர். சட்டைப்பையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். புதுச் சொல் காதில் விழுந்தால் அகராதியைப் பார்த்து அதில் எழுதிக்கொள்வார். அறைப் பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். நானும்தான் செய்தேன்.

புதன் காலை ஒரே மூடுபனி. பத்து மணிக்கு வோலான் எங்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையில் டாரன்டின் அறிக்கை.

"காலை வணக்கம், மிஸ் பிரௌஸ். இதோட வரைபடம் ரெடியா?"

"அதுக்குள்ளயா? திங்கட்கிழமை பிலிம் இன்னும் டார்க் ரூம்லயே தொங்குது. வெள்ளிக்கிழமை வாங்க, பிரேம் போட்டே தரேன்."

"அப்ப இது போதும்," என்று காகிதத்தைத் தட்டினார். "நல்ல செய்திதான். நான்தான் வீணா பயந்துட்டிருந்தேன். வால்ல ஒரு எஞ்சினையே செருகியிருக்காங்களே, மூக்கு நிமிராம போயிடுமோன்னு. பார்த்தா சற்றுச் சிரமம்னுதான் இருக்கு."

"ஆமா..." என்றேன்.

"சற்று. சிறிதளவு. அகராதியில பார்த்துட்டேன். பிகாட்டையும் கேட்டேன்."

"பிகாட் என்ன சொன்னான்?"

"கொஞ்சம் சுவாரசியமா இருந்துச்சு சார்னான். அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்." வோலானும் சிரித்தார். "முந்நூற்று முப்பதுல சிறிதளவுன்னா, அறுபதுல அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ரெண்டு கை இருக்கே எனக்கு. இந்த ஓட்டம் நல்லபடியா முடியணும், மிஸ் பிரௌஸ். போலந்துக்காரன் தயங்கினான்னு யாரும் பேசிடக்கூடாது."

அறிக்கையில் அந்தச் சொல்லின் அடியில் பென்சிலால் நேர்கோடு போட்டிருந்தார். அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் பெருக்கவில்லை. ஏழு வருஷம் எங்களோடு இருந்தும் இவருக்குப் பெருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், சொல்லித் தர வேண்டிய விஷயம் என்றே எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் எதை வைத்துச் சொல்வது? டாரன்ட் எழுதியது பொய் என்றா? விமானி எழுதிய சொல்லை எங்கள் தளத்தில் யாரும் தொடுவதில்லை. எண்கள் எங்களுடையவை, சொற்கள் அவர்களுடையவை. காற்புள்ளியை மாற்றினால்கூடக் கையெழுத்து வாங்க வேண்டும். "மூடுபனி விலகறதுக்கு மூணு மணி ஆகும்" என்று மட்டும் சொன்னேன். "ஆமா, மூணு மணி" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் டார்க் ரூமுக்கு ஓடினேன். சீமாட்டியின் வயிற்றுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதற்குள் விமானியின் முன்னால் இருக்கிற அதே கருவிகள் இன்னொரு ஜோடி. எதிரே ஒரு சினிமா காமிரா. செகண்டுக்கு ஒரு படம் எடுக்கும். அதற்குச் சற்று, கொஞ்சம் எல்லாம் தெரியாது. ஈரம் சொட்டச் சொட்டப் பிலிமை வாங்கிவந்து, லென்ஸுக்கு அடியில் வைத்து, கடைசிப் பாய்ச்சல் இருக்கும் இடத்தைத் தேடினேன். மற்ற பெண்களை வேறு வேலை பார்க்கச் சொல்லிவிட்டேன்.

பதினோராயிரம் அடியில் டாரன்ட் மூக்கை நிமிர்த்தக் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கியிருக்கிறார். வால் இறக்கையின் நிலையைக் காட்டும் முள் அசைந்தது தெரிகிறது. அடுத்த படத்தில் மூக்கு நிமிர வேண்டும். நிமிரவில்லை. அதற்கடுத்த படத்திலும் இல்லை. உயரம் காட்டும் முள் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. வேகம் ஏறிக்கொண்டே இருக்கிறது. படத்துக்குப் படம் எண்களை எழுதினேன். ஒன்பதாவது படத்தில் வேறொரு முள் அசைந்திருந்தது. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு. வால் இறக்கையின் ஓரத்தில் உள்ள சின்னப் பட்டையைத் திருப்புவது. சாதாரணமாகப் பறக்கும்போது கைவலி தெரியாமல் இருக்க அதைத் தொடுவார்கள். அவ்வளவு வேகத்தில் தொட்டால் வாலே பிய்த்துக்கொண்டு போகலாம். வேறு வழியே இல்லாத மனிதன்தான் அதைத் தொடுவான். டாரன்ட் தொட்டிருக்கிறார். பதினொன்றாவது படத்தில் மூக்கு நிமிர்ந்தது. உயரம் ஏழாயிரம் அடி.

பதினொரு செகண்ட். நாலாயிரம் அடி. தோள் ஏன் பிடித்துக்கொண்டது என்று புரிந்தது. முந்நூற்று முப்பதுக்குச் சற்று மேலே போனதற்கே இந்தப் பாடு. முந்நூற்று அறுபதில் வோலான் சிறிதளவு சிரமத்துக்குத் தயாராக இழுப்பார்.

எங்கள் பிரிவுத் தலைவர் ஆட்லியிடம் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர். நாய்க்குட்டி, ரோஜாச்செடி, இரண்டின் மேலும் உயிர். எண்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ம். இது அவ்வளவு திருப்தியா இல்ல."

"சார், வோலான்கிட்ட சொல்லணும். ஓட்டத்தை நிறுத்தணும்."

"டாரன்ட் சிரமம்னுதானே எழுதியிருக்கார்? அதுல எல்லாம் வந்துடுச்சே, ஹெஸ்டர்."

"சற்றுன்னு எழுதியிருக்கார்."

"அது நமக்குப் புரியுதே."

"நமக்குப் புரியுது சார். பறக்கப்போறது நாம இல்லையே!"

ஆட்லி காகிதத்தை மேஜையில் வைத்தார். "டாரன்டோட அறிக்கையை நான் திருத்த முடியாது. அவர் கையெழுத்துப் போட்டது. உன் கணக்கு முழுசா முடியட்டும், சேர்த்து அனுப்பிடலாம். எப்படியும் இன்னிக்கு இந்தப் பனி..."

அப்போதுதான் எங்கள் இருவர் காதிலும் சத்தம் விழுந்தது. நாலு எஞ்சின். ஜன்னலுக்கு வெளியே பனி எப்போதோ கலைந்திருந்தது, புல்லெல்லாம் வெயில். மணி ஒன்று பத்து. வானம் தெளிந்ததும் வோலான் மூன்று மணிக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். கடமை தவறாத மனிதர் வேறு என்ன செய்வார்? சீமாட்டி ஓடுபாதையை விட்டு எழும்பி, தேவாலயக் கோபுரத்துக்கு மேலே திரும்புவதைப் பார்த்தேன்.

பதினெட்டாயிரம் அடிக்கு ஏற அதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். கண்ட்ரோல் டவருக்கு ஓடினால் அங்கே என்னை யார் மதிப்பார்கள்? கணக்குப் பெண்ணின் பேச்சைக் கேட்டு வானத்தில் இருக்கிறவரை யார் கூப்பிடுவார்கள்? வோலானே கேட்கமாட்டார். அவர் படித்தது டாரன்டின் சொல். டாரன்ட் வந்து சொன்னால்தான் அது மாறும். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

டாரன்ட் பைஜாமாவில், வலது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நரை தொடங்கிய மீசை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அட, ஹெஸ்டர்! திராட்சை கொண்டுவந்தியா?"

"பதினொரு செகண்ட் சார். நாலாயிரம் அடி. கடைசியில சக்கரத்தைத் திருப்பித்தான் வெளிய வந்திருக்கீங்க. இல்லன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"பிலிம் பார்த்தாச்சா." கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். "ஆமா. அதான் எழுதிட்டேனே."

"சற்றுச் சிரமம்னு எழுதியிருக்கீங்க!"

"ஆமாம்மா. படிச்சவன் எவனும் அதுக்கு மேல வேகம் போகமாட்டான். இதைவிடத் தெளிவா எப்படி எழுதறது?"

"வோலான் அகராதி பார்த்துப் படிச்சிருக்கார். சற்று, சிறிதளவு. இப்ப மேல ஏறிக்கிட்டிருக்கார். முந்நூற்று அறுபது."

டாரன்டின் முகத்தை நான் ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். எஞ்சின் எரிந்த அன்றைக்கும் பார்த்தேன். அந்த முகம் வெளுத்து அன்றுதான் பார்த்தேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. பைஜாமாவின் மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தலைமை நர்ஸ் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கத்தினாள். பதக்கம் வாங்கிய விமானி என் சைக்கிள் கேரியரில் ஒற்றைக் கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்லில் ஏறும்போதெல்லாம் முனகினார். வேறு நாளாக இருந்தால் தளமே கூடி நின்று சிரித்திருக்கும்.

டவரில் ஏறியபோது மணி ஒன்று நாற்பது. கண்ட்ரோலர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். டாரன்ட் மைக்கை எடுத்துக்கொண்டார். அதே அலைவரிசையில் இன்னும் இரண்டு தளங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அறைக்குள் ஏழெட்டுப் பேர்.

"லெஷெக், டாரன்ட் பேசறேன். எங்க இருக்கீங்க?"

"பதினேழாயிரத்து ஐந்நூறு. இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஆரம்பிக்கிறோம், சார்." குரல் கரகரத்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

டாரன்ட் தொண்டையைச் செருமினார். "அந்தப் பாய்ச்சல் விஷயமா. கொஞ்சம்... கொஞ்சம் யோசிச்சுச் செய்யறது நல்லதுன்னு தோணுது. மூக்கு நிமிர்றதுல கொஞ்சம் கஷ்டம் இருக்கலாம்."

"புரிஞ்சுது சார். சற்றுச் சிரமம். படிச்சேன். நன்றி."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வோலான் சாவின் வாசலில் நிற்கும்போதும் டாரன்டுக்கு வாய் அதே வழியில்தான் போகிறது. கெட்ட எண்ணத்தால் இல்லை. நாலு பேர் முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்வது எங்களுக்கெல்லாம் தெருவில் ஆடையில்லாமல் நிற்பது மாதிரி. அம்மா அப்பா, பள்ளிக்கூடம், ராணுவம் எல்லாரும் சேர்ந்து அப்படி வளர்த்துவிட்டார்கள். டாரன்டின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். மேலதிகாரி, பெரியவர், நோயாளி, எதுவும் எனக்கு அப்போது நினைவில் இல்லை.

"சார்! திங்கட்கிழமை நீங்க செத்துருப்பீங்களா மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க. அதை மட்டும் சொல்லுங்க!"

டாரன்ட் என்னைப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மைக்கை அழுத்தினார்.

"லெஷெக், பாயாதீங்க. நான் இழுத்தேன், வரல. ரெண்டு கையாலயும் இழுத்தேன். காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். பிகாட்டும் கூடச் சேர்ந்து இழுத்தான். வரல. பதினொரு செகண்ட். தரை மேல வந்துக்கிட்டே இருந்துச்சு. செத்துட்டோம்னே முடிவு பண்ணிட்டேன். எனக்கு... பயமா இருந்துச்சு. ரொம்ப பயமா இருந்துச்சு. நான் எழுதினது தப்பு. நீங்க படிச்சதுதான் சரி."

வானத்திலிருந்து இன்னொரு குரல், பிகாட்டுடையது:

"வாஸ்தவம் சார். நான் அம்மான்னு கத்தினேன். உங்களுக்குக் கேட்டுதான்னு அன்னிலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"கேட்டுச்சு, பிகாட்."

அதற்கப்புறம் வோலான். சந்தோஷம் போயிருந்தது. சொல் சொல்லாக வந்தது.

"இதைத்தானே சார் எழுதணும். திரும்பி வரோம்."

டாரன்ட் மைக்கை வைத்துவிட்டு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் பென்சில் சீவினார். ஒருவர் ஜன்னலைத் துடைத்தார். கண்ட்ரோலர் கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்ல, வெயில் நல்லா வந்துடுச்சு" என்றார். அவரைப் பிடித்து ஜன்னல் வழியாகத் தள்ளலாம் போல இருந்தது எனக்கு. டாரன்டின் காலிலிருந்து கழன்ற செருப்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

சீமாட்டி இறங்கியது. நான் அறைக்குத் திரும்பி, மற்ற பெண்களிடம் எதுவும் சொல்லாமல், மீதிப் பிலிமைப் படிக்கத் தொடங்கினேன். நாலு மணிக்கு அவர்கள் டீ குடிக்கக் கிளம்பிய பிறகு வோலான் வந்தார். ஷூவில் சேறு. அவர் ஷூவில் சேற்றை அன்றுதான் பார்த்தேன். பெண்கள் எனக்கென்று விட்டுப்போயிருந்த பன்னை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை.

"மிஸ் பிரௌஸ், இதைத் தட்டச்சு செஞ்சது நீங்கதானே?"

"ஆமா."

"செய்யும்போது உங்களுக்கு என்ன தோணிச்சு?"

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. எல்லாம் மரியாதையான வழிகள். "உயிர் தப்பினதே பெரிசுன்னு தோணிச்சு," என்றேன். "எனக்கு அர்த்தம் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு யோசிக்கவே இல்ல. காலைல நீங்க இங்க நின்னு சிரிச்சப்பகூட நான் சொல்லல. என்னை மன்னிச்சுடுங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

"பிகாட்டுக்கும்."

"அவன் உங்களுக்கும் தெரியும்னு நினைச்சுத்தான் பக்கத்துல ஏறி உட்கார்ந்தான். பாயற மாதிரி பாவலா காட்டிட்டு நிறுத்திடுவீங்கன்னு நினைச்சிருப்பான்."

வோலான் தலையை மெதுவாக ஆட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப இன்னொண்ணு கேக்கணும். நீங்க நேரா சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"போன மாசம் ஆட்லி சாரைப் போய்ப் பார்த்தேன். என் உத்தரவு ஜூன்ல முடியுது, நிரந்தரமா வேலை கிடைக்குமான்னு கேட்டேன். எழுந்து நின்னு கையைக் குலுக்கினார். 'உங்களை மாதிரி ஒருத்தரை விட எங்களுக்கு மனசே வராது வோலான், என்ன செய்ய முடியும்னு பார்க்கலாம்'னார். அவர் கண்ணுல தண்ணிகூட வந்துச்சு. அன்னிக்கே ஹலீனாவுக்கு எழுதிட்டேன்."

ஹலீனா அவர் மனைவி. வடக்கே ஒரு பழைய ராணுவ முகாமில், தகரக் கொட்டகையில், மூன்று வயசுப் பெண்ணோடு இருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"என்னன்னு எழுதினீங்க?"

"அர்ஜென்டினாவுக்கு ஒரு கப்பல் போகுது. அங்க போலந்து பைலட்டுக்கு வேலை தராங்க. முகாம்ல பேர் எழுதிக்கிறாங்க. நீ பேர் குடுக்காதே, எனக்கு இங்கயே வேலை ஆயிடுச்சுன்னு எழுதிட்டேன்." கையைக் கோத்துக்கொண்டார். "பார்க்கலாம்னா என்ன அர்த்தம், மிஸ் பிரௌஸ்?"

ஆட்லியின் கடிதங்களையும் நான்தான் தட்டச்சு செய்கிறேன். விட மனசே வராது, பார்க்கலாம். ஆறு வருஷத்தில் முப்பது பேருக்காவது அதை அடித்திருப்பேன். அதில் ஒருவருக்கும் வேலை கிடைத்ததில்லை. ஆட்லி பொய் சொல்கிறவர் அல்ல. அந்தக் கண்ணீரும் உண்மைதான். கேட்கிறவர் புரிந்துகொண்டு, நன்றி சொல்லி, வேறு வழி பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் சொல்லியிருப்பார்.

"அது வந்து..." என்று தொடங்கினேன். "இப்ப இருக்கிற நிலைமையில கொஞ்சம்..." என் வாயிலேயே அந்தச் சொல் வந்து உட்கார்ந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. இந்த மனிதர் போய்விடக்கூடாது என்று எனக்கு ஆசை இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காலையில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவர் எங்கள் தளத்தில் அவர் ஒருவர்தான்.

"இல்லைன்னு அர்த்தம்," என்றேன்.

"ஒருவேளை..."

"ஒருவேளையெல்லாம் கிடையாது. இல்லை. அன்னிக்கே இல்லைன்னு சொல்லிட்டார்."

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேர் எழுதறாங்க," என்றார். "உங்க போன்ல பேசலாமா?"

போனை அவர் பக்கம் நகர்த்தினேன். முகாமின் லைன் கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. யாரோ கொட்டகைக்கு ஓடி ஹலீனாவைக் கூட்டிவர இன்னும் பத்து நிமிஷம். வெளியே போகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்று கை காட்டினார். உட்கார்ந்து பிலிமைப் பார்ப்பது போல் பாவனை செய்தேன். அவர் வேகமாகப் பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். எல்லாம் அவர்கள் மொழி. அர்ஜென்டினா என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது.